பிசாசுக்கு வைத்த கடிகாரம்

அன்று எங்கள் தீவின் தலைநகரான வலேட்டாவில், ஒரு தேவாலயத்துக்கு எதிரே இருந்த காப்பிக் கடையின் வெளி மேசையில் மூன்று பேர் இருந்தோம். சுவரை ஒட்டி, வலிக்கும் முட்டியை நீட்டிக்கொண்டு என் அக்கா கர்மெனா. அவளுக்கு எதிரே, மெல்பர்னிலிருந்து வந்திருந்த அண்ணன் மகள் டோரின். தேவாலயத்தைப் பார்த்த நாற்காலியில் விஸ்தின் என்கிற நான். நான்காவது நாற்காலியில் டோரினின் கைப்பை. அதற்குள், அணைத்து வைத்த கைபேசி.

அண்ணன் நேனு மெல்பர்னில், மருத்துவமனைப் படுக்கையில் கடைசி நாட்களில் இருந்தார். மகளிடம் ஒரு தாளில் மூன்று வரி எழுதி அனுப்பியிருந்தார்: பேராலயத் தரை. ரீட்டா நின்ற பச்சை பால்கனி. மதியப் பீரங்கி. முதல் இரண்டுக்கும் படம் போதும். அரண்மேல் இருக்கும் தோட்டத்தில் தினமும் பன்னிரண்டு மணிக்குச் சுடும் அந்தப் பீரங்கியின் சத்தத்தை மட்டும் அவர் காதால் கேட்க வேண்டும். கல்யாணத்துக்கு முன் அந்தச் சத்தம் கேட்டதும்தான் ரீட்டா அண்ணி பால்கனிக்கு வருவாள்.

இங்கே மதியம் பன்னிரண்டு என்றால் அங்கே இரவு எட்டு. எட்டரைக்கு வலி தெரியாமல் தூங்கவைக்கும் ஊசி. அதன் பிறகு கண் திறக்கமாட்டார். டோரின் கொண்டுவந்த சார்ஜர் எங்கள் வீட்டு பிளக்கில் நுழையவில்லை. சார்ஜ் கொஞ்சம்தான் மிச்சம் என்பதால், பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கைபேசியைத் திறப்பதாக ஏற்பாடு.

காலையில் பேராலயத்தில், பளிங்குக் கல்லறைகளால் ஆன தரைமேல் நடக்கும் முன் டோரினின் குதி உயர்ந்த செருப்பைக் கழற்றச் சொன்னார்கள்.

"செத்த வீரனுங்களுக்கு முதுகு வலிக்குமாம்," என்றாள் அக்கா. "எனக்கு முட்டி வலிக்குதே, அதை எவன் கேட்டான்?"

பிறகு படிக்கட்டுத் தெரு. பால்கனியில் பச்சை உரிந்து, யாரோ துண்டு காயப்போட்டிருந்தார்கள்.

"அம்மா இங்கதான் நின்னாங்களா அத்தை?"

"நின்னாளா? பாதி உடம்பு வெளியதான் தொங்கும்!"

அக்காவின் முட்டிக்காகத்தான் காப்பிக் கடையில் உட்கார்ந்தோம்.

"சித்தப்பா, மணி என்ன?"

நான் கைக்கடிகாரம் கட்டுவதில்லை. எதிரே இரண்டு கோபுரங்களைக் காட்டினேன்.

"ரெண்டும் வேற வேற காட்டுதே?"

"ஒண்ணு ஜனங்களுக்கு, ஒண்ணு பிசாசுக்கு. பூசை எப்பன்னு தெரியாம அது முழிக்கணும்ல?"

"எது நிஜம்?"

"இடது பக்கம்," என்றேன். எங்கள் ஊர்க் கோவிலில் அப்படித்தான். "பன்னிரண்டுக்கு இன்னும் கால் மணி இருக்கு. ஆளுக்கொரு பஸ்தீத்ஸி சாப்பிடலாம். தோட்டம் அஞ்சு நிமிஷ நடைதான்."

முதல் கடியில், மொறுமொறுப்பான மாவுக்குள் இருந்த பாலாடைக்கட்டி நாக்கைச் சுட்டது. அப்போது பீரங்கி வெடித்தது. கண்ணாடிக் குவளைகள் அதிர்ந்தன, புறாக்கள் எழுந்தன. இடது கடிகாரம் கால் மணி பாக்கி என்றே காட்டிக்கொண்டிருந்தது. அது சுவரில் தீட்டிய வெறும் சித்திரம். முப்பத்தொரு வருடம் இதே நகரத்தில் வேலை பார்த்தவன் நான், நிமிர்ந்து பார்த்ததில்லை.

டோரின் கைபேசியைத் திறந்து, அது உயிர் பெற்று, இணைப்புக் கிடைத்தபோது அண்ணனே பேசினார்.

"இன்னும் சுடலையா?"

"நாலு மணிக்கு இன்னொண்ணு இருக்குப்பா. முழிச்சிருங்க."

"முழிச்சிருக்கேன்மா."

நாலு மணிக்கு அரண்மேல் நின்று கைபேசியைத் தூக்கிப் பிடித்தோம். அந்தப் பக்கம் அண்ணி, "சத்தம் வந்துச்சு. அவர் எழுந்திரிக்கல," என்றாள். விடியுமுன் போய்விட்டார்.

அடக்கத்துக்குப் பிறகு அண்ணி மகளோடு பேசுவதில்லை. "ஊர் சுத்துற ஜோர்ல அப்பாவ மறந்துட்டா" என்கிறாளாம். டோரின் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

"லைன் கிடைக்கலன்னு எழுதுடா," என்றாள் அக்கா. "போனுக்கு என்ன, மோட்சமா கிடைக்காம போயிடும்?"

நான் எழுதியது இதுதான்:

"அன்புள்ள அண்ணிக்கு, பன்னிரண்டுக்கு டோரின் கூப்பிடாததற்குக் காரணம் நான். பிசாசுக்கு வைத்த கடிகாரத்தைப் பார்த்து, நேரம் இருக்கிறது என்று சொன்னேன். அவள் என்னை நம்பினாள். பிள்ளையைக் கோபிக்காதீர்கள். என்னைக் கோபியுங்கள். நீங்கள் நின்ற பால்கனியின் படம் இதோடு இருக்கிறது."

அக்கா வாசித்துவிட்டு, தபால்தலையை எச்சில் தொட்டு ஒட்டிக் கொடுத்தாள். உறையை மூடி, தெருமுனைச் சிவப்புப் பெட்டிக்குள் போட்டேன்.