குருசடியில் வாசித்த கடிதம்

"நிறுத்தாத மக்கா, வாசி. வாய்விட்டு வாசி."

"கதவச் சாத்தட்டா மாமி?"

"இனி சாத்தி என்னத்துக்கு? மீன் போன பொறவு வலைய இழுத்தென்ன?"

ஆனாலும் லீமா எழுந்து போய் வியாகுலம்மாள் வீட்டுக் கதவைச் சாத்தினாள். மணவாளக்குறிச்சியை அடுத்த அந்தக் கடற்கரைத் தெருவில் பகலில் கதவு அடைத்தால், என்னமோ ஏதோ என்று நாலு பேர் வந்து தட்டுவார்கள். கொழும்புக் கடிதத்தை அடைத்த கதவுக்குள் வாசிப்பதோ அந்தத் தெருவில் இதுதான் முதல் தடவை.

கடிதம் வந்தால் தெருமுனைச் சிலுவை மேடையான குருசடியின் படியில் வைத்துத்தான் வாசிப்பது. ஒரு வீட்டுக் கடிதத்தில் ஒன்பது வீட்டுக்குச் சேதி இருக்கும். பேபிக்குக் காய்ச்சல் விட்டதா, மரியஜானின் அப்பன் புதுக் கட்டுமரம் கடலில் இறக்கினானா என்று கேட்டிருக்கும். எல்லாரும் வந்து உட்காருவார்கள். வாசிக்கத் தெரிந்தவள் லீமா ஒருத்திதான். அவளும் சும்மா வாசிக்கிறவள் இல்லை. அழ வேண்டிய இடத்தில் குரல் தழுதழுக்கும், சிரிக்க வேண்டிய இடத்தில் குரலே துள்ளும். "ஏட்டி, கொழும்புலேருந்து ஆளே வந்து பேசுனாப்புல இருக்கு" என்று பெண்கள் சொல்லும்போது அவளுக்குக் கால் தரையில் பாவாது.

சுதந்திரம் வந்து மூன்றாவது கிறிஸ்மஸ் நெருங்கியபோது அப்படி ஒரு கடிதம் வந்தது. கொழும்பில் கடைக்கணக்கப் பிள்ளையாக இருந்த சிலுவைமுத்து, தன் அம்மா வியாகுலம்மாளுக்கு எழுதியிருந்தான். அங்கே புதுச் சட்டம் வந்திருக்கிறது, தொடர்ந்து இருக்க வேண்டுமானால் பெயரைப் பதிய வேண்டும், கோவிலில் ஞானஸ்நானச் சீட்டு வாங்கி வை, பண்டிகைக்கு ஊருக்கு வருகிற கூட்டாளி ஒருவன் உன்னை வந்து பார்ப்பான், அவனிடம் கொடுத்துவிடு என்று. சின்ன வயதில் கட்டுமரம் ஏறி நசுங்கிய கால்விரல் மழைக்கு இன்னும் வலிக்கிறது என்றும் எழுதியிருந்தான்.

அன்று குருசடியின் பின்பக்க நிழலில் வெளியூர்க்காரன் ஒருவன் இருந்தான். வெள்ளைச் சட்டை, கையில் தோல்பை. வாசித்து முடித்து, வியாகுலம்மாளும் மற்றவர்களும் கலைந்த பிறகு, "எவ்வளவு அழகா வாசிக்குற பிள்ளே, இன்னொருக்கா வாசி" என்றான். லீமா முதல் வரியிலிருந்து மறுபடி வாசித்தாள்.

நாலாம் நாள் அவள் மணவாளக்குறிச்சிச் சந்தைக்குப் போயிருந்த நேரம் பார்த்து அவன் வியாகுலம்மாள் வீட்டுக்கு வந்தான். மகனின் கூட்டாளி நான்தான் என்று கால்விரல் வரைக்கும் சொன்னான். வியாகுலம்மாள் இறால் குழம்பு வைத்துச் சோறு போட்டு, சீட்டைக் கொடுத்தாள். "வாங்குனதுக்கு ஒரு அடையாளம்" என்று அவன் நீட்டிய வெற்றுத்தாளில் கைநாட்டும் வைத்தாள். கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் உண்மையான கூட்டாளி, மகன் கொடுத்துவிட்ட சேலையோடு வாசலில் வந்து நின்றபோதுதான் அவளுக்கு ஏமாந்தது புரிந்தது.

இப்போது தவக்காலம், கிறிஸ்மஸ் போய் இரண்டு மாதமாகிவிட்டது. சிலுவைமுத்துவின் அடுத்த கடிதம் லீமாவின் கையில் இருந்தது. இதை அவள் குரலை ஏற்றி இறக்கி வாசிக்கவில்லை.

"'என் பெயரில் வேறொருவன் பதிந்துவிட்டான் அம்மா. என் சீட்டு அவன் கையில். இவன்தான் என் மகன், வேறு எவன் வந்தாலும் நம்ப வேண்டாம் என்று நீ எழுதிய கடிதமும் வைத்திருக்கிறான். அடியில் உன் கைநாட்டு. நீ யாரடா என்று அதிகாரி என்னைக் கேட்கிறார்.'"

"வெறும் தாளுல்லா அது! எழுத்தே இல்லியே மக்கா, நான் பாத்தேனே!" கிழவி தன் பெருவிரலை முந்தானையில் தேய்த்தாள். "பொறவு?"

"'பங்குச் சாமியாரிடம் வேறு சீட்டு வாங்கி அனுப்பு. கூடவே நம் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த ஒன்றை எழுது. அது இருந்தால்தான் கடிதம் நீ அனுப்பியது என்று நம்புவேன். இல்லையென்றால் எனக்கு அம்மா இல்லை என்று நினைத்துக்கொள்கிறேன்.'"

அலைச் சத்தம் ஓலைக்கீற்று வழியே உள்ளே வந்தது.

"கால்வெரலு..." என்றாள் வியாகுலம்மாள்.

"அது ஊருக்கே தெரியும் மாமி."

"அம்மைத் தழும்பு?"

"அதையும் போன வருஷம் குருசடியில வாசிச்சாச்சி." லீமா கடிதத்தை மடித்து வைத்து, பதில் எழுதப் பேனாவை எடுத்தாள். "மாமி, அந்தப் பாவி எல்லாத்தையும் எனக்க வாயிலேருந்துதான் எடுத்தான். அழகா வாசிக்குறன்னு சொன்னான். அந்தச் சொகத்துல ரெண்டு தடவ வாசிச்சேன். கேட்டவன் யாருன்னு நான் கேக்கல்ல."

வியாகுலம்மாள் வையவில்லை. வைதிருந்தால் தேவலாம் என்றிருந்தது லீமாவுக்கு. கிழவி குச்சியால் அடுப்புச் சாம்பலைக் கிளறினாள். பிறகு ஏதோ நினைவு வந்தது போல் முகம் மெல்ல இளகியது, உதடு அசைந்தது. சொல்ல வாயெடுத்தவள் லீமாவின் கையிலிருந்த பேனாவைப் பார்த்து நிறுத்தினாள். சொன்னால் அது மூன்றாம் ஆளுக்கும் தெரிந்துவிடும்.

லீமா தாளை மடிமேல் விரித்து, குனிந்த தலை நிமிராமல் கேட்டாள்:

"மாமி, அத எனக்கிட்டச் சொல்லுங்க."