பாதி என்னோடது

ஆய்வுக்கூடத்துப் பெண் சிறுநீர்க் கேனை வெளிச்சத்தில் தூக்கி அளவுக்கோட்டைப் பார்த்தாள். "ரெண்டே கால் லிட்டர். போன தடவைக்கு இது இரட்டிப்பு. ஒரு நாள் முழுக்க விடாம பிடிச்சதுதானே?"

"ம்" என்றாள் அக்கா.

தம்பி பேருந்து ஓட்டுபவன். சாப்பாட்டிலிருந்து வரும் அமினோ அமிலங்களைச் சிறுநீரகம் வடிகட்டி, உடம்புக்கே திருப்பிக் கொடுத்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவனுடையது பிறவியிலேயே சிஸ்டின் என்ற ஒன்றைத் திருப்பாமல் வெளியே விட்டது. தண்ணீர் குறைந்தால் அது கல்லாகும். ஒரு சிறுநீரகத்தைக் கல் ஏற்கெனவே தின்றுவிட்டது. "இந்த ரிப்போர்ட் நல்லா வந்தா மாத்திரையைக் குறைச்சிடலாம்" என்றும் சொல்லியிருந்தார். நாக்கில் ருசியைக் கொன்ற மாத்திரை அது. எப்படியாவது ரிப்போர்ட்டை நல்லதாக வரவைக்க அவனுக்கு அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது.

நேற்று அவன் கேனை வீட்டிலேயே விட்டுவிட்டு வேலைக்குப் போனான். மாலை அவள் கேட்டதற்கு எரிந்து விழுந்தான். "பயணிங்க முன்னாடி மூத்திரக் கேனைத் தூக்கிட்டுத் திரியச் சொல்றியா? தண்ணி குடிச்சா வண்டிய எங்க நிறுத்துறது?" இந்த டெஸ்டுக்காக அவள் வேலையில் ஏற்கெனவே மூன்று தடவை விடுப்பு எடுத்தாயிற்று. கேனை மடியில் வைத்தபடி உட்கார்ந்துவிட்டாள். அவன்தான் இறங்கி வந்தான். "நீயும் கொஞ்சம் ஊத்தேன்க்கா. ஒரே வயித்துல பொறந்தவங்கதானே, லேபுக்கு என்ன தெரியப் போகுது?"

பின்னாளில் அவன் இறந்துபோன பிறகும் அவள் காதில் நிற்கப்போவது அந்தக் குரல்தான். நேற்று அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருவரும் சிரித்தார்கள். விடிவதற்குள் கேன் பாதிக்கு நெருங்கிவிட்டது.

அந்தப் பெண் சீட்டில் அளவை எழுதத் தொடங்கினாள்.

"எழுதாதம்மா. அதுல பாதி என்னோடது."

"உங்களுக்கும் டெஸ்டா?"

"இல்ல. கலந்துட்டோம்."

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. கேனைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டு வேறொன்றை எடுத்துக் கொடுத்தாள். "முதல்ல இருந்து பிடிங்க."

அக்கா வீட்டுக்குப் போகவில்லை. நிறுத்தத்தில் கால் கடுக்க நின்றாள். மூன்றாவதாக வந்தது அவன் வண்டி. முன்வாசலில் ஏறியவளின் கையிலிருந்த காலிக் கேனைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"மானத்தை வாங்கிட்ட."

"ஆமா. மிச்சம் இருக்குற கிட்னி ஒண்ணுதான்டா."

அவன் வண்டியை எடுத்தான். அவள் அவனுக்கு நேர் பின்னிருக்கையில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலை அவன் தோளருகே நீட்டினாள். இரண்டு நிறுத்தங்கள் நீட்டியபடியே இருந்தாள். சிவப்பு விளக்கில் வண்டி நின்றபோது அவன் கண்ணாடியில் பயணிகளை ஒருமுறை பார்த்தான். திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டிப் பாட்டிலை வாங்கினான்.

பச்சை விழுந்தது. பின்னாலிருந்த வண்டிகள் ஒலியெழுப்பின. அவன் இன்னும் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான்.