மாலேயிலிருந்து வரும் வழியில் ஒரு மணி நேரம்

மூன்று நாளாகத் தேவகிக்குத் தறியில் உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை. மாலத்தீவின் மாலே நகருக்குக் கட்டட வேலைக்குப் போன புருஷன் ராஜவேலு, இரண்டு வருஷம் கழித்து வரப்போகிறான். சந்தோஷத்தில் தவிக்கிறாள் என்றுதான் ஆரணியில் அவள் தெருவே நினைத்தது. அவளை அரித்ததோ ஒரு மணி நேரக் கணக்கு.

எண்பதாம் வருஷம் போகும்போது டிக்கெட்டைப் பார்த்து அவன் எழுதி வைத்த தாள் சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது. கொழும்பில் விமானம் ஏறுவது ஒன்பது மணி, மாலேயில் இறங்குவது பத்து. இப்போது வந்த கடிதத்தில், மாலேயில் ஏறுவது இரண்டு மணி, கொழும்பில் இறங்குவது நான்கு. இரண்டு தீவுக்கும் நடுவே எழுநூற்றெழுபது கிலோமீட்டர் என்று அவனே எழுதியிருந்தான். அதே கடல், அதே தூரம். போக ஒரு மணி, வர இரண்டு மணி என்றால் எப்படி?

தறி நாடாவுக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பாஞ்சாலை சிரித்தாள்.

"வேலூரு பஸ்ஸு கண்ணமங்கலத்துல டீக்கு நிக்கிறாப்போல, நடுவுல எங்கனா எறங்குவாரோ இன்னாவோ. அங்க ஒரு வூடு கீதான்னு கேளுக்கா!"

"வாயக் கழுவுடி."

"தமாசுக்குச் சொன்னேன்க்கா."

தமாஷ்தான். ஆனால் மீன்முள் சின்னதாக இருந்தால் என்ன, தொண்டையில் நின்றால் நின்றதுதான். அவள் எழுந்து தண்ணீர் குடித்தாள், தாளை எடுத்துப் பார்த்தாள், திரும்ப வந்து உட்கார்ந்தாள். போன ஆறு மாதமாகக் கடிதங்கள் குட்டையாகிவிட்டனவே என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

விமானம் வரும் நாளன்று இரண்டு மணிக்குத் தறியில் உட்கார்ந்தவள் நான்கு மணி வரை எழவில்லை. கண் சுவர்க் கடிகாரத்தில், கை நாடாவில். மூன்று மணிக்கு மேல் நெய்ததில் விரல்கடை அகலத்துக்கு நெசவு இளகிப்போனது.

மறுநாள் மதியம் அவன் வந்தான். கால் கழுவிச் சாப்பிட உட்கார்ந்தான். சோற்றை வைத்துவிட்டு அவள் நின்றபடியே கேட்டாள்.

"நடுவுல எங்க எறங்குனீங்க?"

"எதுக்கு நடுவுல?"

"போவச்சொல்ல ஒரு மணி. வரச்சொல்ல ரெண்டு மணி. மிச்ச ஒரு மணி எங்க இருந்தீங்க?"

சிரிக்க வாயெடுத்தவன் அவள் முகத்தைப் பார்த்து அடங்கினான்.

"போவச்சொல்லயும் ஒன்றரை மணி, வரச்சொல்லயும் ஒன்றரை மணிதான் தேவகி. மாலே கடிகாரம் நம்மளுதுக்கும் கொழும்புக்கும் அரை மணி பின்னாடி ஓடும். டிக்கெட்டுல அந்தந்த ஊரு மணியத்தான் போடுவாங்க."

"இத யாரு சொன்னது?"

அவன் இடது கையை நீட்டினான். "இந்த வாட்ச்சுதான். அங்க போயி இத நான் மாத்தவே இல்ல."

அவள் சுவரைப் பார்த்தாள், வாட்ச்சைப் பார்த்தாள். இரண்டிலும் ஒன்று இருபது.

"ரெண்டு வருசமாவா?"

"நீ தறியில குந்துற நேரம் எனக்குத் தெரிய வேணாமா? மேஸ்திரிதான் பேஜாராயிட்டான். தெனமும் அரை மணி முன்னாடியே போயி அவங் கதவத் தட்டினா?"

தேவகி இலையில் இன்னும் ஒரு கரண்டி சோற்றை அள்ளி வைத்தாள். பிறகு வாசலுக்குப் போய்ப் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி குரல் கொடுத்தாள்.

"ஏ பாஞ்சால! நடுவுல வூடும் இல்ல, ஒண்ணும் இல்லடி. வெறுந் தண்ணிதான்!"