பூட்டு இருக்கு

தன் சொந்தக்காரரின் பரிசோதனை மாதிரியைத் தொடக்கூடாது என்பது லேபில் விதி. லேபில் எல்லாருக்கும் அவள் அக்கா. விதியை மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்வதும் அவள்தான். அண்ணனின் குடல் புற்றுக்கட்டி வெறும் எண்ணாக மாறி மேசைக்கு வந்தபோது, எண் தெரிந்தும் தெரியாதவள்போல் எடுத்து வைத்துக்கொண்டாள்.

பிழைகளைத் திருத்துகிற மரபணு ஒன்று அந்தக் கட்டியில் வேலை செய்யவில்லை. அதன் வாசலில் மீத்தைல் என்ற ரசாயனப் பூட்டு விழுந்திருந்தால், நோய் அநேகமாக அண்ணனோடு நின்றுவிடும். பூட்டு இல்லையென்றால் பழுது பிறவியிலேயே வந்ததாக இருக்கலாம். அப்படியானால் அவளுக்கும் தங்கைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. உலகத்திலேயே பூட்டு வேண்டுமென்று வேண்டிக்கொண்ட ஒரே குடும்பம் இதுவாகத்தான் இருக்கும்.

செவ்வாய்க்கிழமை திரையில் அண்ணனின் கட்டத்தில், பூட்டு இருந்தால் விழும் கோடு பளிச்சென்று தெரிந்தது. அறிக்கை எழுதக்கூடப் பொறுமையில்லாமல் தங்கையைக் கூப்பிட்டாள்.

"பூட்டு இருக்குடி! நமக்கு ஒண்ணும் இல்ல."

"நெஜமாவாக்கா? அப்ப நாளைக்கு எனக்கு அந்தக் குடல் கேமரா டெஸ்ட்?"

"இனிமே எதுக்கு அது?"

சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டாள்.

படத்தைச் சேமிக்கும்போதுதான் ஓரத்துக் கட்டம் கண்ணில் பட்டது. அது நோயில்லாத ஒருவரின் மாதிரி, ஒப்பிடுவதற்காக வைப்பது. அங்கே கோடு வரவே கூடாது. வந்திருந்தது, அண்ணனுடையதைப் போலவே பளிச்சென்று.

பூட்டு உண்டா இல்லையா என்று பிரித்துக் காட்டும் கரைசலை அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். அது அரைகுறையாக வேலை செய்தால் இல்லாத பூட்டும் இருப்பதாகத் தெரியும். அவள் போன வாரத்துப் புட்டியை எடுத்திருந்தாள். பதறாத காரியம் சிதறாது என்று புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் ஓதுகிறவள், ஊருக்குத்தான் உபதேசம்.

தங்கையிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். உறுதியாகத் தெரியட்டும் என்று தனக்குத்தானே சாக்குச் சொல்லிக்கொண்டாள். கோழைத்தனம்தான், வேறென்ன. புதிதாகக் கலந்து, முதலிலிருந்து செய்து, மறுநாள் மதியம் பார்த்தாள். பூட்டு உண்டென்று தெரிந்த மாதிரியில் கோடு இருந்தது. நோயில்லாதவரின் கட்டம் காலி. அண்ணனின் கட்டமும் காலி.

கையுறையைக்கூடக் கழற்றாமல் தங்கையைக் கூப்பிட்டாள்.

"அக்கா! நானே கூப்பிடணும்னு இருந்தேன். டெஸ்ட் வேணாம்னு ஆஸ்பத்திரில நேத்தே சொல்லிட்டேன். இப்ப ஒண்ணு சொல்றேன், திட்டக் கூடாது. ரெண்டு மாசமா எனக்கும் ரத்தம் போகுது. அண்ணனுக்கு வந்ததேதான்னு பயந்து தூக்கமே இல்ல. நேத்து நீ சொன்னதும்தான் உசிரே வந்துச்சு. வெறும் மூலம்தான் போல, இல்லக்கா?"

அக்கா திரையில் காலியாக இருந்த கட்டத்தை மறுபடி பார்த்தாள்.

"லைன்ல இருக்கியா? நீ எதுக்குக் கூப்பிட்டே?"

"பூட்டு இல்லடி."

மறுமுனையில் தங்கை கலகலவென்று சிரித்தாள், அக்கா கேலி செய்கிறாள் என்று.