ஒப்புதல் கிடைக்காத ஷெட்

அடுத்தவர்கள் கட்டுவதைத் தடுத்தே ஒரு மனுஷன் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தால் அவருக்கு என்ன பெயர் வரும்? யாரும் கூடி உட்கார்ந்து வைக்கவில்லை, தானாக வந்து ஒட்டிக்கொண்டது: சிவப்பு மை. கட்டட வரைபடங்களைப் பார்த்து அனுமதி கொடுக்கிற அலுவலகத்தில் அவர் அதிகாரி. கொடுக்கிற என்று வெளியே பலகையில் எழுதியிருந்தது, அவ்வளவுதான். அவர் மேசைக்கு ஒரு வரைபடம் போய்விட்டால் மேஸ்திரிகள் பிரசவ அறை வாசலில் நிற்கிற மாதிரி நகத்தைக் கடித்துக்கொண்டு நிற்பார்கள். படி ஒரு விரற்கடை உயரம், ஜன்னல் அரை அடி குறைச்சல், குழாய் போகிற திசை தப்பு. சிவப்பு மையில் வட்டம் போடுவார், திருப்பி அனுப்புவார். யாரிடமும் ஒரு டீ கூட வாங்கிக் குடித்தவர் இல்லை. அதில்தான் எல்லாருக்கும் இன்னும் எரிச்சல், வாயாரத் திட்டக்கூட வழியில்லையே!

அப்படிப்பட்டவர் ஓய்வு பெற்ற அன்றைக்கு வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். பிரிவு உபசாரக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, "என் மனைவியோட முதல் காரை என் கையாலயே புதுசாக்கப் போறேன். அதுக்கு வீட்டுலயே ஒரு ஷெட் கட்டப் போறேன்" என்று அடித்துவிட்டார். ஒரே கைதட்டல். அவர் மனைவி டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள். அங்கே வந்திருந்தவர்களில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவள், அதனால் எல்லாருக்கும் அவள் டீச்சர். முன் வரிசையில் உட்கார்ந்திருந்த டீச்சர் கைதட்டவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வந்தது வினை. கைதட்டியிருந்தால் மறந்து தொலைத்திருப்பார். அழுதுவிட்டாளே, இனி எப்படி மறப்பது?

கார் வீட்டின் பக்கவாட்டுக் காலி இடத்தில் ஒன்பது வருஷமாகத் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு தூங்கியது. சொல்லிக்கொடுக்கிறவர் காலடியிலும் ஒரு பிரேக் வைத்த பழைய பயிற்சிக் கார். சிவப்பு மையும் அதில்தான் ஓட்டக் கற்றார். கற்றார் என்பது மரியாதைக்கு. பிரேக் எல்லாம் டீச்சர்தான் போட்டாள்.

முதல் வரைபடம் ஒரே வாரத்தில் தயார். நல்ல அழகான வரைபடம், குறை சொல்லக் கூடாது. கார் பதினான்கு அடி, எதிரே இரண்டடி அகல வேலை மேசை, நடுவில் ஆள் நிற்க இடம். எஞ்சினைச் சங்கிலி போட்டுத் தூக்க மேலே ஒரு இரும்பு உத்தரம். அடியில் படுத்து வேலை பார்க்க நாலடிக் குழி. மறுநாள் காலை டீயோடு உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதையே மறுபடி பார்த்தார். பழக்கதோஷம் என்ன செய்யும்! கை தானாகச் சிவப்புப் பேனாவைத் தேடியது.

"யாருடா இதை வரைஞ்சது?" என்று சத்தமாகவே கேட்டார்.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்து போய்க் குழிக்குள் இறங்கி உட்காரும். ஒரு பொறி பட்டால் போதும். குழிக்குள் காற்று போக வழி எங்கே? வட்டம். குழிக்குக் காற்றுக்குழாய் வைத்தால் மேசை ஒன்றரை அடி நகரவேண்டும். நகர்த்தினால் காரின் கதவு முழுசாகத் திறக்காது. கதவு திறக்க இடம் விட்டால் ஷட்டர் காரின் முதுகில் இடிக்கும். எல்லாவற்றையும் கூட்டினால் பத்தொன்பது அடி வேண்டும், இருப்பதோ பதினெட்டரை. அந்த அரை அடி அவர் உயிரை வாங்கியது. மதில் சுவரை நெட்டித் தள்ளுகிறவர் மாதிரி டேப்பைப் பிடித்துக்கொண்டு தினம் தினம் அளந்தார். மதில் அசைந்து கொடுக்கவில்லை.

ஆறு மாசத்தில் பதினான்கு வரைபடம். பதினான்கும் நிராகரிப்பு. விண்ணப்பதாரரும் அவரே, அதிகாரியும் அவரே, ஆனால் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. சாப்பாட்டு மேசையில் எரிச்சலோடு உட்காருவார். டீச்சர், "இன்னிக்கு என்ன ஆச்சு?" என்பாள். "திருப்பி அனுப்பிட்டான்" என்பார்.

டீச்சருக்கும் பொறுமைக்கு ஒரு அளவு உண்டு. பழைய கார் இடத்தை அடைத்துக்கொண்டிருந்ததால் அவளுடைய புதுப் பயிற்சிக் கார் தெருவில் நின்று வெயிலில் வெந்தது. கற்றுக்கொள்ள வந்த ஒருத்தி ஸ்டியரிங்கைத் தொட்டுக் கையைச் சுட்டுக்கொண்டாள். அன்று மாலை டீச்சர் பேச்சை வளர்க்கவில்லை.

"வியாழக்கிழமை காலையில பழைய இரும்புக்காரர் வரார். அதுக்குள்ள மேஸ்திரி கயிறு பிடிச்சு வேலையை ஆரம்பிச்சிருந்தா வண்டி நிக்கும். இல்லேன்னா போகும்."

"உன்னோட முதல் வண்டிம்மா அது!"

"என்னோடதுதான். அதான் நான் சொல்றேன்."

கார் போனால் கார் மட்டுமா போகும்? அத்தனை பேர் முன்னால் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாளே, அதற்கு என்ன பதில் சொல்வது? சிவப்பு மை உடனே மேஸ்திரிக்குப் போன் போட்டார். எந்த மேஸ்திரிக்கு? ஒரே மாடிப்படியை இரண்டு தடவை இடித்துக் கட்டச் சொல்லி இவர் அழவிட்டாரே, அந்த மேஸ்திரிக்குத்தான். அந்த ஆளை விட்டால் சுத்தமாக வேலை செய்ய ஆளில்லை என்பது அவருக்கே தெரியும்.

வியாழன் காலை ஏழு மணிக்கு மேஸ்திரி வந்துவிட்டார். ஒரு லோடு மணல், செங்கல், இரண்டு ஆட்கள். டீச்சருக்கு வணக்கம் சொன்னார், அவரும் அவளிடம் ஓட்டக் கற்றவர்தான். பிறகு ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"ஆரம்பிங்க மேஸ்திரி."

"ஆரம்பிக்கலாம் சார். ஒப்புதல் ஆன வரைபடம் எங்க?"

"என்ன விளையாடறீங்களா? சின்ன ஷெட்டுய்யா, இதுக்கு அனுமதி எதுவும் வேணாம்."

"சட்டத்துக்கு வேணாம் சார், எனக்கு வேணும். கையெழுத்து இல்லாத வரைபடத்துக்கு ஒரு செங்கல்கூட வைக்காதேன்னு என்னைப் பிடிச்சு உலுக்கினது யாரு? இன்னும் அந்தப் பயம் போகல" என்றார் மேஸ்திரி, முகத்தில் ஒரு துளி சிரிப்பு இல்லாமல். ஆட்கள் இரண்டு பேரும் மணலைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டார்கள். தோள் மட்டும் குலுங்கியது.

சிவப்பு மை உள்ளே ஓடிப் பதினான்கு வரைபடத்தையும் அள்ளிக்கொண்டு வந்தார். எதில் கையெழுத்துப் போடுவது? எல்லாவற்றிலும் குறை இருக்கிறதே! ஒன்றை எடுப்பார், பேனாவைத் திறப்பார், கீழே வைப்பார். இந்தக் கூத்து நடந்துகொண்டிருக்கும்போதே வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. பழைய இரும்புக்காரர் மூன்று ஆட்களோடும் ஒரு கனத்த சங்கிலியோடும் இறங்கினார்.

"எந்த வண்டிம்மா?"

டீச்சர் கணவரிடம் வந்து அவர் கையிலிருந்த வரைபடங்களில் ஒன்றை உருவினாள். ஒன்பதாவது வரைபடம்.

"இதுல என்ன குறை?"

"குழியில காத்தோட்டம் இல்ல."

"குழியே வேணாம். ஜாக்கி வச்சுத் தூக்கி ஸ்டாண்டு மேல நிறுத்திக்கலாம். அடுத்தது?"

"மேசைக்கும் காருக்கும் நடுவுல ஒன்றரை அடிதான் இருக்கு."

"அங்க என்ன நடனமா ஆடப் போறீங்க? அடுத்தது?"

"இடது பக்கம் கதவு பாதிதான் திறக்கும்."

"வலது பக்கமா ஏறுவோம். அடுத்தது?"

அடுத்தது, அடுத்தது என்று அவள் கேட்கக் கேட்க அவருக்கு மூச்சு வாங்கியது. குறைகள் தீர்ந்துபோய்விட்டன. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வரைபடத்தைப் பற்றி அவருக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. அப்படியும் கை பேனாவைத் தொட மறுத்தது.

டீச்சர் குரலைத் தணித்தாள். "என்னங்க, நிஜத்தைச் சொல்லுங்க. என்ன பயம்?"

இரும்புக்காரர் சங்கிலியை அவிழ்ப்பதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார். மேஸ்திரியும்தான். சிவப்பு மை கையிலிருந்த வரைபடங்களைக் கீழே வைத்தார்.

"ஷெட் கட்டினா வண்டியைப் பிரிக்கணும். பிரிச்சா எனக்கு மாட்டத் தெரியாது. அடுத்தவன் தப்பைக் கண்டுபிடிக்கத் தெரியும், அதைத் தவிர ஒண்ணும் தெரியாதும்மா எனக்கு. இத்தனை வருஷத்துல ஒரு ஸ்டூல்கூடச் செஞ்சதில்ல. உன் வண்டியைக் கெடுத்துடுவேனோன்னு பயமா இருக்கு."

சொல்லி முடித்ததும் அவருக்கு அவமானமாக இருந்தது. நெஞ்சும் லேசானது, அதையும் சொல்ல வேண்டும்.

"அட, இவ்வளவுதானா!" என்றாள் டீச்சர். "எனக்கு மட்டும் என்ன தெரியும்? ஓட்டத்தானே தெரியும். கெடுத்தா ரெண்டு பேருமா சேர்ந்து கெடுப்போம். கையெழுத்தைப் போடுங்க."

போட்டார். கையெழுத்தே கோணலாக விழுந்தது. மேஸ்திரி வாங்கிப் பார்த்து, தலைகீழாகவும் ஒரு தடவை பார்த்து, "இதையெல்லாம் பார்க்க நான் உயிரோட இருக்கேனே" என்று எழுந்தார்.

"அப்போ எனக்கு வண்டி இல்லையா?" என்றார் இரும்புக்காரர்.

"இல்லண்ணே. ஆனா வந்தது வந்தீங்க, ஒரு கை கொடுங்க. அஸ்திவாரம் தோண்டணும், வண்டியை அப்படிக் கொஞ்சம் தள்ளிவிடலாம்" என்றாள் டீச்சர். அந்த மனுஷருக்கும் நல்ல மனசு, முனகிக்கொண்டே சட்டைக்கையை மடித்துவிட்டார். நாலு சக்கரத்திலும் காற்றடித்து, இறுகிக் கிடந்த பிரேக்கை மேஸ்திரியின் சுத்தியால் தட்டி விடுவித்தார்கள். சிவப்பு மை ஸ்டியரிங்கில், டீச்சர் பக்கத்தில், மற்ற ஏழு பேரும் பின்னால். தள்ளு தள்ளு என்று தள்ளியதில் வண்டி கிறீச்சிட்டுக்கொண்டு கிளம்பியேவிட்டது. அவர் பிரேக்கை மிதித்தார், ஒன்றும் இல்லை. டீச்சர் தன் பிரேக்கை மிதித்தாள், அதுவும் இல்லை. இரண்டு பேரும் ஒரே குரலில் கத்திக்கொண்டு போய் மணல் குவியலில் மோதி நின்றார்கள். ஒன்பது வருஷம் கழித்து வண்டி ஓடிய தூரம் பதினோரு அடி. இரும்புக்காரர் ஆட்கள் விசில் அடித்தார்கள்.

அடுத்த வாரம் சுவர் எழுந்தது. சிவப்பு மை நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். மேஸ்திரியின் ஆட்கள் அவர் பக்கம் திரும்பும்போதெல்லாம் பதறிப்போய், சுவர் மட்டமாக இருக்கிறதா என்று ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார்கள். ஆறாவது வரிசையில் அது நடந்தேவிட்டது. மூலைச் செங்கல் அரை விரற்கடை வெளியே பிதுங்கி நின்றது.

அவர் பார்த்துவிட்டார். அவர் பார்த்துவிட்டதை மேஸ்திரியும் பார்த்துவிட்டார். கரண்டி பாதியில் நின்றது, ஆட்கள் சட்டியைக் கீழே வைத்தார்கள். வகுப்பு முடிந்து அப்போதுதான் கேட்டைத் திறந்த டீச்சரும் அப்படியே நின்றுவிட்டாள். போச்சு, இடி என்று சொல்லப்போகிறார், ஆறு வரிசையும் போச்சு என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவருக்கும் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எழுந்து கிட்டே போனார், குனிந்தார், அந்தச் செங்கல்மேல் கையை வைத்தார். ஈரமாக இருந்தது. இந்த உலகத்தில் அவரால் எழுந்த முதல் சுவர் அது. முழங்கால் உயரத்துக்குக் கோணலாக நின்றுகொண்டிருந்தது.

"என்னய்யா எல்லாரும் வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்கறீங்க?" என்றார். "கலவை காயுது பாருங்க. அடுத்த வரிசையை வைங்க."