ஒன்பதாம் அத்தியாயத்தில் பிடுங்கிய களை

எங்கள் ஊரில் ஐப்பசியில் களையெடுக்க வரும் பெண்களில் பாதிப் பேர் வயலில் இறங்குவார்கள், பாதிப் பேர் நோட்டில் இறங்குவார்கள். யார் வீட்டில் நாவல் எழுதினாலும் அப்படித்தான். இரண்டு இடத்திலும் ஒருவர் நின்று எது பயிர், எது களை என்று காட்டவேண்டும்.

எனக்கு இருப்பதோ ஒரே உடம்பு. நடவு ஆரம்பித்ததிலிருந்து நான் உட்கார்ந்து எழுதியது மொத்தம் பதினோரு பக்கம். இன்றைக்காவது வயலைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று என் வீட்டுக்காரர் கலியமூர்த்தியிடம் சொன்னேன்.

"நீ சும்மா எழுதிக்கிட்டுதானே இருக்கே? ஒரு எட்டு போய் நின்னுட்டு வா" என்றார். ஈஸிசேரை விட்டு எழுந்திருக்கக்கூட இல்லை.

சும்மாவாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் பயிர் என்ன பாவம் செய்தது? போய் வரப்பில் நின்றேன்.

திரும்பி வந்து நோட்டைப் பிரித்தால், என் கதாநாயகி அபரஞ்சி பேயறைந்தவள்போல நிற்கிறாள். 'மூக்கு கொஞ்சம் சப்பைதான், ஆனால் முகத்தில் அப்படியொரு களை' என்று எழுதியிருந்தேன். கடைசிச் சொல்லை வேரோடு பிடுங்கியிருந்தார்கள். அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் காபியைக்கூடத் தொடாமல் எழுந்து போயிருந்தார்கள். கல்யாணம் இல்லையென்றால் பத்தாம் அத்தியாயம் ஏது? மூன்று வருஷத்து நாவல் அங்கேயே நின்றுவிட்டது.

நோட்டில் இறங்கிய மனோரஞ்சிதத்தைப் பிடித்துக் கத்தினேன்.

"களைன்னு நீங்கதானே எழுதி வச்சிருந்தீங்க? விட்டா அடுத்த பக்கத்துக்குப் பரவிடாதாக்கா?" என்றாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பிடுங்கியதை எங்கே போட்டாய் என்றேன். ஈஸிசேர் பக்கம் என்றாள்.

இவர் முகத்தைப் பார்த்தேன். ஜொலித்தது.

"கீழ கிடந்துச்சு, எடுத்துத் தேச்சுக்கிட்டேன்" என்றார், கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே. என் மூன்று வருஷம், அந்தக் கன்னத்தில்!

அதற்குள் பெண் பார்க்க வந்தவர்கள் நோட்டிலிருந்து இறங்கி வந்துவிட்டார்கள். இவரை நடக்கச் சொன்னார்கள், பாடச் சொன்னார்கள். பிடித்திருக்கிறது என்றார்கள்.

"தாராளமா கூட்டிட்டுப் போங்க" என்றேன்.

இடமில்லாமல் போன அபரஞ்சி நோட்டிலிருந்து இறங்கி, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். "நம்ம வயல் எந்தப் பக்கம்க்கா? ரெண்டாம் களைக்கு நான் போய் நின்னுக்கிறேன்."

போர்செட்டுக்கு மேற்கே என்று சொல்லிவிட்டு, இவர் தாலிக்குக் கழுத்தை நீட்டும் இடத்தை எழுத உட்கார்ந்தேன்.