படம் வரும் இடம்

18 நவம்பர் 2025, செவ்வாய். 'எங்களைப் பற்றி' பக்கத்தில் அப்பா இடத்தில் வைத்த டம்மி படத்தை எடுக்காமலே கடையின் இணையதளத்தை ஏற்றிவிட்டேன். சின்னத் தவறுதான். ஞாயிறன்று நீக்க வேண்டும்.

துளசி குறிப்பேட்டில் அப்படி எழுதி வைத்த ஞாயிறு விடிந்தபோது, பட்டுக்கடை மாணிக்கவாசகம் கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் கிடந்தார். மகள் துளசி வாசலுக்கு எதிர்க் கம்பத்தில் கட்டியிருந்த பேனரின் முடிச்சை நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தாள்.

பேனரில் கண்ணீர் அஞ்சலி இருந்தது, அப்பாவின் பெயர் இருந்தது. முகம் மட்டும் வேறு யாருடையதோ. மாலைக் கணினி வகுப்பில் கடைக்கு இணையப் பக்கம் அமைக்கும்போது, உண்மைப் படம் வரும்வரை இடத்தைப் பிடித்திருக்கட்டும் என்று இலவசப் படங்களிலிருந்து அவள் எடுத்து வைத்த முகம். "பொங்கலுக்குப் புது வேட்டி கட்டிக்கினு நிக்கறேன், அப்ப எடும்மா" என்றிருந்தார் அப்பா.

"உங்க அண்ணன்தாம்மா லிங்க் அனுப்பிச்சாரு, அப்பா படம் அதுல இருக்குதுன்னு" என்றார் பேனர் கடை சிட்டிபாபு. "நெத்தி வெறுமையா இருந்துச்சு. பட்டை நான்தான் போட்டேன்."

அந்த மனிதர் மூன்று விபூதிக் கோடுகளோடு சிரித்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் குமரன் ஓடி வந்தான். "பஸ்ல அழுதுக்கினே அனுப்பிச்சேன். தொறந்தா பாத்தேன்? சீக்கிரம் அவுருடி, அம்மா பாத்துடப் போறாங்க."

அதற்குள் ஏனாத்தூரிலிருந்து தில்லையம்மாள் அத்தை ஆட்டோவில் வந்து இறங்கினாள். கண்புரை விழுந்தவள். நேராகப் பேனரைப் பார்த்து, "சிரிச்ச மொகமாவே பூட்டியேண்ணா!" என்று மாரில் அடித்துக்கொண்டாள்.

அழுகை கேட்டு அம்மா கமலாட்சி வாசலுக்கு வந்துவிட்டாள். பேனரையே வெகுநேரம் பார்த்தாள்.

"யாருடி இவரு?"

"தெரியாதும்மா. டம்மி படம்."

"உசுரோட இருக்கறாரா?"

இத்தனை நாள் துளசிக்குத் தோன்றாத கேள்வி.

"கத்திரி எடுத்தா" என்றாள் அம்மா. இறக்கிய பேனரைத் தரையில் விரித்து, கணவர் பெயரை மட்டும் வெட்டி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். மிச்சத்தைத் தள்ளி வைத்தாள். "இத எரிக்காத, கிழிக்காத. இவருக்கும் வீட்ல ஒருத்தி இருப்பா."

துளசி ஈரத்துணியால் அந்த நெற்றியைத் துடைத்துப் பார்த்தாள். அச்சு, போகவில்லை.

சாயங்காலம், சுடுகாட்டிலிருந்து ஆண்கள் திரும்பிய பிறகு, அவள் பக்கத்தைத் திறந்து அந்த முகத்தை நீக்கினாள். அங்கே சாம்பல் நிறக் கட்டம் வந்தது; நடுவில் வைக்க வேண்டிய படத்தின் அளவு மட்டும். கட்டிலுக்கடியில் சுருட்டி வைத்திருந்த பேனர் மெல்லத் தானாக விரிந்துகொள்ளும் சத்தம் கேட்டது. அவள் குனிந்து பார்க்கவில்லை. எழுதினாள்:

நாளை: அப்பா படம் வைக்க வேண்டும். 300 × 400.